கெர்ட்ரூட் பெர்க்

கெர்ட்ரூட் பெர்க் (அக்டோபர் 3, 1899 - செப்டம்பர் 14, 1966) அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி, மேடை நாடக நடிகையும் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் ஆவார். த கோல்ட்பெர்க்ஸ் என்னும் நெடுந்தொடரில் மோலி கோல்ட்பெர்க் என்ற யூதக் குடும்பத் தலைவியாக, இடைவெளிகளுடன் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இவர் நடித்தார். அத்தொடரை உருவாக்கியவரும், அதன் கதை வசனத்தை எழுதியவரும், நடிகர்களைத் தேர்ந்தெடுத்தவரும், அதன் உரிமையைத் தம்மிடம் வைத்திருந்தவரும் இவரே. சிறந்த நடிகைக்கான எம்மி விருதை முதன்முதலில் பெற்றவர் இவர் (1951). பின்னர் பிராட்வே மேடை நடிப்பிற்காக டோனி விருதையும் பெற்றார் (1959). 1950களின் தொடக்கத்தில் இவருடன் கணவர் வேடத்தில் நடித்த பிலிப் லோப் கம்யூனிச ஆதரவாளர் என்று குற்றஞ்சாட்டப்பட்டபோது, அவரை நீக்க பெர்க் மறுத்தார். அந்த மறுப்பும் அதன் விளைவுகளும் அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகக் கருதப்படுகின்றன.

2013 முதல் 2023 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான த கோல்ட்பெர்க்ஸ் என்ற நகைச்சுவைத் தொடருக்கும் பெர்க்கின் தொடருக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பில்லை.

பிறப்பும் இளமையும்

கெர்ட்ரூட் பெர்க்கின் இயற்பெயர் டில்லி எடல்ஸ்டைன் என்பதாகும். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். அக்காலத்தில் ஹார்லெமில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்து வந்தனர். தந்தை ஜேக்கப் எடல்ஸ்டைன், தாய் டயானா. தந்தைவழிப் பாட்டனார் போலந்து நாட்டிலிருந்து குடியேறியவர். பெர்க்கிற்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர் சிறுவயதிலேயே தொண்டை அடைப்பான் நோயால் இறந்துவிட்டார். இவ்விழப்பிலிருந்து தாய் முழுமையாக மீளவில்லை. பின்னாளில் அவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மகள் எழுதிய தொடரில் வரும் தாயோ எந்தச் சிக்கலிலும் நிலைகுலையாதவர்; வீட்டையும் அக்கம்பக்கத்தையும் ஒன்றாகக் கட்டிக்காப்பவர். வாழ்வில் தமக்குக் கிட்டாத தாயையே பெர்க் கதையில் படைத்தார் என்பது இவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் பலரின் கருத்தாகும்.

தந்தை, நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள பிளைஷ்மன்ஸ் என்னும் சிற்றூரில் கோடைக்கால விடுதி ஒன்றை நடத்தினார். நகரத்து வெப்பத்திலிருந்து தப்பிக்க யூதக் குடும்பங்கள் இம்மலைப்பகுதிக்கு வந்து தங்குவது வழக்கம். மழை பெய்து வெளியே செல்ல முடியாத நாட்களில் விருந்தினர் சலிப்படைந்து விடுதியைக் காலி செய்துவிடக் கூடும். அவர்களைத் தங்க வைப்பதற்காகப் பெர்க் சிறுசிறு நாடகங்களை எழுதி, விருந்தினரையும் அவர்களது குழந்தைகளையும் கொண்டே நடித்துக் காட்டினார். எழுதுதல், நடித்தல், பார்வையாளர் எழுந்து போகாமல் பார்த்துக் கொள்ளுதல் ஆகிய மூன்றையும் இவர் கற்றுக் கொண்டது இவ்விடுதியிலேயே எனலாம்.

1918 இல் லூயிஸ் பெர்க் என்ற பொறியாளரை மணந்தார். சர்க்கரை உற்பத்தித் துறையில் பணியாற்றிய கணவருடன் சில ஆண்டுகள் லூசியானா மாநிலத்தில் வாழ்ந்தார். பின்னர் இருவரும் நியூயார்க் திரும்பினர். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நாடகம் எழுதுதல் தொடர்பான வகுப்புகளில் பெர்க் பயின்றார். கணவரின் வேலை நிலையற்றதானபோது, எழுத்தை வருவாய்க்குரிய தொழிலாக மேற்கொள்ள முடிவு செய்தார். கெர்ட்ரூட் என்ற பெயரையும் தாமே சூட்டிக் கொண்டார்.

வானொலியில் நுழைவு

1920களின் இறுதியில் வானொலி அமெரிக்காவில் விரைவாகப் பரவி வந்தது. பெர்க் எழுதிய முதல் வானொலித் தொடர் கடைகளில் விற்பனைப் பணி புரியும் இரு இளம்பெண்களைப் பற்றியது. அது ஒரே ஒரு ஒலிபரப்புடன் நிறுத்தப்பட்டது. மனந்தளராத பெர்க், விடுதி நாடகங்களில் தாம் உருவாக்கி வைத்திருந்த ஒரு யூதக் குடும்பத்தை மையமாக வைத்து வேறொரு தொடரை எழுதினார்.

இத்தொடரின் எழுத்துப்படியை வானொலி நிறுவனத்தாரிடம் கொடுத்தபோது, அது கையெழுத்தில் இருந்ததால் அவர்களால் படிக்க இயலவில்லை என்றும், ஆகவே பெர்க்கே அதை உரக்கப் படித்துக் காட்டினார் என்றும், அவரது வாசிப்பைக் கேட்டவர்கள் மோலி வேடத்தையும் அவருக்கே அளித்தனர் என்றும் கூறப்படுகிறது. த ரைஸ் ஆஃப் த கோல்ட்பெர்க்ஸ் என்ற பெயரில் 1929 நவம்பர் 20 அன்று என்பிசி வானொலியில் தொடர் தொடங்கியது. நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ச்சியடைந்து ஒரு மாதம் கூட ஆகாத நேரம் அது. வாரத்திற்கு 75 டாலர் ஊதியம் பேசப்பட்டது. அத்தொகையிலிருந்தே மற்ற நடிகர்களுக்கும் பெர்க் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் விளம்பர ஆதரவு இன்றி ஒலிபரப்பான தொடருக்கு 1931 இல் பெப்சோடென்ட் பற்பசை நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தது. அதன் பின்னர் வாரம் ஒருமுறை என்பது மாறி, கால்மணி நேர அங்கங்களாக மாலை வேளைகளில் நாள்தோறும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பெர்க் உடல்நலம் குன்றிச் சில நாட்கள் நிகழ்ச்சியில் இடம்பெறாதபோது, அவரைப் பற்றி விசாரித்து நேயர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன.

1934 இல் பெப்சோடென்ட் ஆதரவு முடிவுக்கு வந்தது. பெர்க் தம் நடிகர்களுடன் பல நகரங்களுக்குச் சென்று கோல்ட்பெர்க் குடும்பக் கதையை மேடையில் நடித்தார். 1935 இல் ஹவுஸ் ஆஃப் கிளாஸ் என்ற மற்றொரு வானொலித் தொடரை எழுதினார். தந்தையின் மலை விடுதியைப் போன்ற ஒரு விடுதியே அதன் களம். பின்னர் கோல்ட்பெர்க் தொடர் மீண்டும் வானொலிக்கு வந்து 1945 வரை நடைபெற்றது. இக்காலத்தில் புராக்டர் அண்டு கேம்பிள் என்னும் சவர்க்கார நிறுவனம் இத்தொடருக்கு ஆதரவளித்தது. பகல் வேளையில் இல்லத்தரசிகள் கேட்கும் குடும்பத் தொடர்களுக்குச் சவர்க்கார நிறுவனங்களே பெரிதும் பணம் கொடுத்து வந்தன. இதன் காரணமாகவே இத்தகைய தொடர்களுக்கு ஆங்கிலத்தில் சோப் ஆப்பரா என்ற பெயர் ஏற்பட்டது.

தொடரின் இயல்பு

கதையில் மோலியின் கணவர் ஜேக் ஆடை தைக்கும் தொழிலில் ஈடுபட்டவர். இவர்களுக்கு சாமி என்ற மகனும் ரோசலி என்ற மகளும் உண்டு. டேவிட் மாமா உடன் வசிக்கிறார். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கிழக்கு டிரெமான்ட் நிழற்சாலையில் 1038 ஆம் எண் கட்டடத்தில் இக்குடும்பம் வாழ்வதாகப் பெர்க் அமைத்தார். வாடகை, பிள்ளைகளின் படிப்பு, கணவரின் தொழிலில் ஏற்படும் ஏற்ற இறக்கம், அண்டை வீட்டாரின் பூசல் போன்றவையே கதைப்பொருள். மோலி தன் வீட்டுச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து எதிர்ச் சன்னலில் உள்ள அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுவது தொடரின் அடையாளமாக அமைந்தது.

மோலி பேசும் ஆங்கிலத்தில் இத்திஷ் மொழியின் ஓசையும் சொல்லடுக்கும் கலந்திருந்தன. சொற்கள் இடம் மாறும்; பழமொழிகள் தலைகீழாகும். ஆனால் கேட்போர் மோலியைப் பார்த்துச் சிரிக்காமல், மோலியுடன் சேர்ந்து சிரிக்கும்படி பெர்க் எழுதினார். குடியேறிய மக்களின் பேச்சைக் கேலிப் பொருளாக்கிய நாடகங்கள் மலிந்திருந்த காலத்தில் இது ஒரு மாறுதலாகும். நேரில் பெர்க்கின் ஆங்கிலத்தில் இச்சாயல் இருந்ததில்லை. அவர் நியூயார்க்கின் செல்வர் வாழும் பார்க் அவென்யூவில் குடியிருந்தவர். மக்களின் பேச்சைக் கேட்பதற்காக, யூதக் குடியேறிகள் நிறைந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியின் கடைத்தெருக்களுக்குத் தாம் யாரென்று காட்டிக் கொள்ளாமல் சென்று வந்தார்.

நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து எழுதும் வழக்கம் இவருக்கு இருந்தது. ஆயிரக்கணக்கான அங்கங்களை இவ்வாறு எழுதினார். ஒலி விளைவுகளிலும் உண்மைத்தன்மையை வலியுறுத்தினார். கதையில் முட்டை பொரித்தால் ஒலிப்பதிவுக் கூடத்தில் உண்மையாகவே முட்டை பொரிக்கப்பட்டது.

யூதர்களின் பண்டிகைகளும் வழிபாடும் தொடரில் இயல்பாக இடம்பெற்றன. 1939 ஏப்ரல் 3 அன்று ஒலிபரப்பான பாஸ்கா பண்டிகை அங்கம் குறிப்பிடத்தக்கது. குடும்பத்தினர் பண்டிகை விருந்தில் அமர்ந்திருக்கும்போது சன்னல் கண்ணாடியை உடைத்துக் கொண்டு ஒரு கல் உள்ளே வந்து விழுகிறது. அச்சமுற்ற குழந்தைகளை மோலி அமைதிப்படுத்துகிறாள், வழிபாடு தொடர்கிறது. செருமனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் தாக்கப்பட்ட 1938 நவம்பர் நிகழ்வுகளுக்கு ஐந்து மாதங்களுக்குப் பின் இது ஒலிபரப்பானது. யூதர் அல்லாத நேயர்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு நாட்டில், சவர்க்கார விளம்பரத்துடன் வரும் ஒரு குடும்பத் தொடரில் இப்பொருளைக் கையாள்வது எளிதான முடிவன்று.

மேடையும் தொலைக்காட்சியும்

வானொலித் தொடர் முடிந்தபின் பெர்க் அதே குடும்பத்தை வைத்து மீ அண்டு மோலி என்ற நாடகத்தை எழுதி, அதில் தாமே நடித்தார். 1948 பெப்ரவரியில் பிராட்வேயின் பெலாஸ்கோ அரங்கில் தொடங்கிய இந்நாடகம் 156 முறை மேடையேறியது. இதில் ஜேக் வேடத்தில் பிலிப் லோப் நடித்தார். 1891 இல் பிலடெல்பியாவில் பிறந்த லோப், நாடக மேடையில் நெடிய அனுபவம் உள்ளவர். நடிப்புப் பயிற்சி ஆசிரியர். மார்க்ஸ் சகோதரர்களின் ரூம் சர்வீஸ் திரைப்படத்திலும் (1938) நடித்திருந்தார். ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்னும் நடிகர் சங்கத்தில் முன்னின்று செயல்பட்டு, நடிகர்களின் ஊதிய உரிமைகளுக்காகப் போராடியவர்.

1949 சனவரியில் த கோல்ட்பெர்க்ஸ் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. மேடையில் நடித்த லோப்பையே ஜேக்காகப் பெர்க் அழைத்து வந்தார். லாரி ராபின்சன் சாமியாகவும், ஆர்லீன் மெக்வேட் ரோசலியாகவும், ஈலை மின்ட்ஸ் டேவிட் மாமாவாகவும் நடித்தனர். நிகழ்ச்சி திங்கட்கிழமை இரவுகளில் நேரடியாக ஒளிபரப்பானது. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் தன் சாங்கா காப்பித்தூளுக்காக ஆதரவளித்தது. விளம்பரத்திற்கென்று தனி அறிவிப்பாளர் இல்லை. மோலியே சன்னலில் சாய்ந்து, பார்வையாளரை அண்டை வீட்டாராகக் கருதிப் பேசி, காப்பியைப் பரிந்துரைத்துவிட்டு, அப்படியே திரும்பிக் கதைக்குள் நுழைந்து விடுவாள். விளம்பரத்தையும் கதையையும் பிரிக்க முடியாதபடி இணைத்த இம்முறை மிகுந்த வெற்றி பெற்றது.

தொலைக்காட்சியில் குடும்ப நகைச்சுவைத் தொடர் என்னும் வடிவம் நிலைபெறுவதற்கு இத்தொடர் முன்னோடியாக அமைந்தது. பரவலாக அறியப்பட்ட ஐ லவ் லூசி தொடர் தொடங்கியது 1951 அக்டோபரில் தான். 1951 சனவரியில் நடைபெற்ற மூன்றாவது எம்மி விருது விழாவில் பெர்க் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். இதே காலத்தில் பாரமவுண்ட் நிறுவனம் கோல்ட்பெர்க் கதையைத் திரைப்படமாக்கியது.

கறுப்புப் பட்டியல்

1950 சூன் மாதம் ரெட் சேனல்ஸ் என்னும் சிறுநூல் அமெரிக்காவில் வெளியானது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணிபுரியும் 151 பேரின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவர்கள் கம்யூனிச அமைப்புகளுடன் தொடர்புடையோர் என்று இந்நூல் சாட்டியது. இது அரசு வெளியீடு அன்று, தனியார் வெளியீடு. நீதிமன்ற விசாரணையோ, சாட்டப்பட்டவரின் மறுமொழியோ இதில் இல்லை. ஆனால் விளம்பரதாரர்கள் இதனை அஞ்சினர். பட்டியலில் உள்ள ஒருவரை நிகழ்ச்சியில் வைத்திருந்தால் தங்கள் பொருட்களை மக்கள் புறக்கணிப்பர் என்று கருதினர். இவ்வாறு வேலை மறுக்கப்பட்டோரின் தொகுதியே கறுப்புப் பட்டியல் என வழங்கப்படுகிறது.

பட்டியலில் பிலிப் லோப்பின் பெயர் இருந்தது. தாம் கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினர் அல்லர் என்று லோப் மறுத்தார். பட்டியலில் இருந்த மற்றொரு நடிகையான ஜீன் மியூர் என்பவரை ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் தன் ஆதரவில் நடந்த வேறொரு தொடரிலிருந்து 1950 ஆகத்து மாதம் நீக்கியிருந்தது. அதே நிறுவனம் லோப்பையும் நீக்குமாறு பெர்க்கிடம் கூறியது.

பெர்க் மறுத்தார். லோப்பை நீக்க வற்புறுத்தினால் பொதுமக்களிடம் நேரடியாகச் சென்று, ஜெனரல் ஃபுட்ஸ் பொருட்களைப் புறக்கணிக்குமாறு கேட்டுக் கொள்ளப் போவதாக எச்சரித்தார். அந்நிறுவனத்தின் காப்பியை வாரந்தோறும் சன்னலில் சாய்ந்து பரிந்துரைத்து வந்தவர் இவரே என்பதால், அவ்வெச்சரிக்கைக்கு வலு இருந்தது. ஜீன் மியூர் நீக்கத்திற்கு எழுந்த எதிர்ப்பும் நிறுவனத்தைத் தயங்க வைத்தது. லோப் மேலும் சில மாதங்கள் தொடரில் நீடித்தார்.

எனினும் 1951 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பருவம் முடிந்ததும் ஜெனரல் ஃபுட்ஸ் ஆதரவை விலக்கிக் கொண்டது. சிபிஎஸ் நிறுவனமும் தொடரைக் கைவிட்டது. அப்போது பெர்க் அமெரிக்காவின் தலைசிறந்த தொலைக்காட்சி நடிகை என்று விருது பெற்று ஆறு மாதங்களே ஆகியிருந்தன. என்பிசி தொடரை ஏற்க முன்வந்தது. ஆனால் லோப் இருக்கும் வரை விளம்பர ஆதரவு கிடைக்கவில்லை. தொடர் நின்றுவிட்டதால் மற்ற நடிகர்களும் எழுத்துப் பணியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் வேலையின்றி இருந்தனர். ஒருவரைக் காப்பதற்காக மற்றவர்களின் பிழைப்பை எவ்வளவு காலம் நிறுத்தி வைப்பது என்ற கேள்வி பெர்க்கின் முன் நின்றது.

1952 சனவரியில் லோப் ஓர் இழப்பீட்டு உடன்பாட்டின்படி தொடரிலிருந்து விலகினார். லோப் குற்றமற்றவர் என்பதில் தமக்கு ஐயமில்லை என்பதைப் பெர்க் வெளிப்படையாகவே தெரிவித்தார். 1952 பெப்ரவரியில் தொடர் என்பிசி தொலைக்காட்சியில் மீண்டும் தொடங்கியபோது ஜேக் வேடத்தில் ஹெரால்டு ஸ்டோன் என்ற வேறு நடிகர் இருந்தார்.

லோப்பிற்கு அதன் பின்னர் தொலைக்காட்சியில் வாய்ப்பு கிட்டவில்லை. மனநோயால் பாதிக்கப்பட்ட மகனின் மருத்துவச் செலவை அவர் தாங்க வேண்டியிருந்தது. வருவாய் குன்றியதால், தனியார் மருத்துவ இல்லத்தில் இருந்த மகனை அரசு மருத்துவமனைக்கு மாற்றும் நிலை ஏற்பட்டது. 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கில் லோப் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார். கறுப்புப் பட்டியலைப் பற்றி 1976 இல் வெளிவந்த த ஃப்ரண்ட் என்ற திரைப்படத்தில் வரும் நகைச்சுவை நடிகர் பாத்திரம் ஓரளவு லோப்பின் வாழ்க்கையைத் தழுவியது. அவ்வேடத்தை ஏற்ற சீரோ மொஸ்டெல், லோப்பின் நண்பர்; தாமும் கறுப்புப் பட்டியலால் வேலை இழந்தவர்.

தொடரின் இறுதி ஆண்டுகள்

மீண்டும் வந்த தொடர் பழைய செல்வாக்கைப் பெறவில்லை. ஒளிபரப்பு நேரமும் நீளமும் நிறுவனமும் அடிக்கடி மாறின. 1954 இல் டூமோன்ட் தொலைக்காட்சியில் சில மாதங்கள் நடைபெற்றது. 1955-56 இல் படச்சுருளில் எடுக்கப்பட்டுப் பல உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டது. இக்கடைசிப் பருவத்தில் கோல்ட்பெர்க் குடும்பம் பிராங்க்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பை விட்டு ஹாவர்வில் என்னும் கற்பனைப் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. ஜேக் வேடத்தை இப்போது ராபர்ட் ஹாரிஸ் ஏற்றிருந்தார். போருக்குப் பின் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் நகரங்களை விட்டுப் புறநகர்களுக்குச் சென்று கொண்டிருந்த போக்கை இம்மாற்றம் ஒட்டியிருந்தது. ஆனால் தனித்தனி வீடுகள் கொண்ட புறநகரில், எதிர்ச் சன்னலில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசும் வாழ்க்கைக்கு இடமில்லை. தொடர் அத்துடன் முடிவுற்றது.

மீண்டும் மேடை

மோலி வேடத்திற்கு அப்பாலும் தம்மால் நடிக்க இயலும் என்பதைப் பெர்க் அறுபது வயதை நெருங்கும்போது மேடையில் நிறுவினார். லியோனார்டு ஸ்பிகல்காஸ் எழுதிய எ மெஜாரிட்டி ஆஃப் ஒன் என்ற நாடகம் 1959 பெப்ரவரி 16 அன்று பிராட்வேயில் தொடங்கியது. இதில் புரூக்ளினைச் சேர்ந்த யூதக் கைம்பெண்ணாகிய திருமதி ஜேக்கபியாகப் பெர்க் நடித்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையில் மகனை இழந்த இவர், சப்பானிய வணிகர் ஒருவரைச் சந்திக்கிறார். அவரும் அப்போரில் தம் குடும்பத்தினரை இழந்தவர். பகைமை மெல்ல நட்பாக மாறுவதே கதை. வணிகர் வேடத்தில் ஆங்கில நடிகர் சர் செட்ரிக் ஹார்ட்விக் நடித்தார். நாடகம் 556 முறை மேடையேறியது. இதற்காகப் பெர்க் சிறந்த நாடக நடிகைக்கான டோனி விருதைப் பெற்றார். 1961 இல் இந்நாடகம் திரைப்படமானபோது அவ்வேடம் பெர்க்கிற்கு அளிக்கப்படவில்லை. ரோசலிண்டு ரசல் நடித்தார்.

1959 டிசம்பரில் த வர்ல்டு ஆஃப் ஷோலம் அலெய்க்கம் என்ற தொலைக்காட்சி நாடகத்தில் பெர்க் பங்கேற்றார். கறுப்புப் பட்டியலால் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சீரோ மொஸ்டெல், மாரிஸ் கார்னோவ்ஸ்கி, ஜேக் கில்ஃபோர்டு முதலிய நடிகர்களும் இந்நாடகத்தில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

1961-62 இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் மிஸஸ் ஜி. கோஸ் டு காலேஜ் என்ற தொடரில் நடித்தார். முதிய வயதில் கல்லூரியில் சேரும் சாரா கிரீன் என்ற கைம்பெண் வேடம் இது. பேராசிரியராக ஹார்ட்விக் நடித்தார். ஒரு பருவத்துடன் தொடர் நின்றாலும் பெர்க்கின் நடிப்பு எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1963 இல் டியர் மீ, த ஸ்கை இஸ் ஃபாலிங் என்ற நாடகத்தில் நடித்தார். இதுவே பிராட்வேயில் இவரது கடைசி நாடகமாகும்.

மறைவு

1966 செப்டம்பர் 14 அன்று நியூயார்க் நகரில் இதயச் செயலிழப்பால் கெர்ட்ரூட் பெர்க் காலமானார். இளமையில் விருந்தினருக்காக நாடகம் எழுதிய பிளைஷ்மன்ஸ் ஊரில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கமும் மதிப்பீடும்

அமெரிக்க ஒலிபரப்புத் துறையில் ஒரு பெண், தாம் நடிக்கும் தொடரின் உரிமையையும் எழுத்தையும் தயாரிப்பையும் ஒருங்கே தம் கையில் வைத்திருந்தது அக்காலத்தில் அரிதான செயலாகும். ஆயினும் இவரது பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. இதற்குச் சில காரணங்கள் கூறப்படுகின்றன. தொடக்கக் கால ஒளிபரப்புகள் நேரடியாக நடந்தவை. திரையைப் படம்பிடித்து எடுத்த தெளிவற்ற பிரதிகளே அவற்றில் எஞ்சின. ஆகவே படச்சுருளில் எடுக்கப்பட்ட ஐ லவ் லூசி போல இத்தொடரை மறுஒளிபரப்புச் செய்ய இயலவில்லை. கறுப்புப் பட்டியல் விவகாரம் தொடரை அதன் உச்சத்தில் முறித்தது மற்றொரு காரணம்.

பெர்க் லோப்பைக் கைவிட்டார் என்று கருதுவோரும், தம்மால் இயன்றதனைத்தையும் செய்தார் என்று கருதுவோரும் உள்ளனர். விளம்பரதாரரை வெளிப்படையாக எதிர்த்ததும், பெருவெற்றி பெற்ற தொடரை மாதக்கணக்கில் இழந்திருந்ததும், இறுதியில் பணிந்ததும் உண்மை நிகழ்வுகள். தொடரின் முழு உரிமையாளராகிய பெர்க்காலேயே ஒரு நடிகரின் வேலையைக் காப்பாற்ற முடியவில்லை என்பது, அக்காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் மீது விளம்பரதாரர்களுக்கு இருந்த ஆதிக்கத்தின் அளவைக் காட்டுகிறது.

கிளென் ஸ்மித் எழுதிய பெர்க்கின் வாழ்க்கை வரலாறு 2007 இல் வெளியானது. அவீவா கெம்ப்னர் இயக்கிய ஆவணப்படம் 2009 இல் வெளிவந்து இவரை இளைய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. எஞ்சியுள்ள தொலைக்காட்சி அங்கங்கள் 2010 இல் டிவிடி வட்டுகளாக வெளியிடப்பட்டன. பெர்க்கின் கையெழுத்துப்படிகளும் ஆவணங்களும் நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

முக்கியப் படைப்புகள்

வானொலி
* த ரைஸ் ஆஃப் த கோல்ட்பெர்க்ஸ், பின்னர் த கோல்ட்பெர்க்ஸ் (1929 முதல் 1945 வரை, இடைவெளிகளுடன்)
* ஹவுஸ் ஆஃப் கிளாஸ் (1935)

மேடை
* மீ அண்டு மோலி (1948)
* எ மெஜாரிட்டி ஆஃப் ஒன் (1959)
* டியர் மீ, த ஸ்கை இஸ் ஃபாலிங் (1963)

தொலைக்காட்சி
* த கோல்ட்பெர்க்ஸ் (1949 முதல் 1956 வரை, இடைவெளிகளுடன்)
* த வர்ல்டு ஆஃப் ஷோலம் அலெய்க்கம் (1959)
* மிஸஸ் ஜி. கோஸ் டு காலேஜ் (1961-62)

நூல்கள்
* த ரைஸ் ஆஃப் த கோல்ட்பெர்க்ஸ் (1931)
* த மோலி கோல்ட்பெர்க் ஜூயிஷ் குக்புக் (மைரா வால்டோவுடன் இணைந்து எழுதிய சமையல் நூல், 1955)
* மோலி அண்டு மீ (மகன் செர்னி பெர்க்குடன் இணைந்து எழுதிய தன்வரலாறு, 1961)